அடைக்க முடியாத வழி

உங்கள் பிள்ளைகள் கணனித் திரையிலோ கைத்தொலைபேசியிலோ கோபுரங்களை நிறுத்தி, அலையலையாக வரும் பகைவரைத் தடுக்கும் விளையாட்டில் மூழ்கியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். வீண்பொழுது என்று கடிந்துகொள்ளுமுன் ஒருமுறை அருகே அமர்ந்து பாருங்கள்.

போல் பிரீஸ் என்பவர் 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உருவாக்கிய 'டெஸ்க்டொப் டவர் டிஃபென்ஸ்' இவ்வகையில் பெயர்பெற்றது. ஓர் அலுவலக மேசையின் மேற்பரப்பே அதன் போர்க்களம். அங்கே ஆயத்தமான பாதை எதுவும் இல்லை, வெறும் வெளிதான். விளையாடுபவர் கையிலுள்ள சொற்பப் பொன்னைக் கொண்டு கோபுரங்களை வாங்கி நிறுத்துகிறார். அவை சுடவும் செய்யும், மதிலாகவும் நிற்கும். பகைவர் அவற்றைச் சுற்றியே நடக்க வேண்டியிருப்பதால், கட்டக் கட்ட நேர்வழி வளைந்து நெளிந்து நீளுகின்றது. ஆனால் ஒரு விதி உண்டு: வழியை முற்றாக அடைத்துவிட முடியாது. கடைசி இடைவெளியிலும் கோபுரம் வைக்க முயன்றால் விளையாட்டு அதை ஏற்க மறுத்துவிடும். வழியை நீளமாக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது.

"இந்த எண்ணமே எனக்கு வராதிருக்க என்ன செய்யலாம், பாதர்?" என்று வினவுவோர் பலர். நம் ஆண்டவர் இயேசுவையே அலகை பாலைநிலத்தில் நெருங்கியதன்றோ! அவர் கற்பித்த செபத்திலும், சோதனையே வராதிருக்க நாம் மன்றாடுவதில்லை. அதில் விழாதிருக்கவே மன்றாடுகின்றோம். எண்ணம் நுழைவது பாவமன்று. அதற்கு நம் மனம் இசைவதே பாவம். ஆகவே நுழைவாயிலுக்கும் இசைவுக்கும் இடையிலுள்ள தூரத்தை நீட்டுவதுதான் நம்மால் ஆகக்கூடியது. சம்பள நாளில் தவறணை உள்ள வீதியை விட்டு மறுவீதியால் வீடு திரும்பும் தந்தை ஒரு கோபுரத்தை நாட்டுகிறார். கோபத்தில் எழுதிய குறுஞ்செய்தியை அனுப்பாமல் விடியும்வரை வைத்திருக்கும் மகளும் அவ்வாறே.

புனித இஞ்ஞாசியார் 1521ஆம் ஆண்டு பம்பலோனாக் கோட்டையைக் காக்கும் போரில் காலில் காயமுற்றவர். கோட்டைகளைப் பற்றி அவருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை! தமது ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் அவர் தீயோனை ஒரு படைத்தலைவனுக்கு ஒப்பிடுகின்றார். அவன் கோட்டையைச் சுற்றிவந்து, எங்கே காவல் தளர்ந்துள்ளதோ அங்கேயே தாக்குவான். இவ்விளையாட்டிலும் அத்தகைய தருணம் உண்டு. நடந்துவரும் பகைவரோடு, சில அலைகளில் பறந்துவரும் பகைவரும் வருவர். எத்துணை நுட்பமாக அமைத்த சிக்கல்வழியும் அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. மதில்களுக்கு மேலாக நேரே கடந்துவிடுவர். அவர்களைத் தாக்க அதற்குரிய கோபுரங்கள் வேண்டும். தவக்காலம் முழுவதும் நோன்பிருந்து, ஒருநாளும் திருப்பலி தவறாமல் வந்து, அடுத்த வாங்கில் இருப்பவரை ஏளனமாய் நோக்குகின்றாரே ஒருவர், அவருள் நுழைந்த செருக்கு நடந்து வந்ததன்று. அதற்குத் தாழ்ச்சி ஒன்றே கோபுரம்.

ஆயினும் இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிகின்றது. விளையாட்டில் உயிர்கள் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. ஒப்புரவு அருட்சாதனத்திலோ அத்தகைய கணக்கு இல்லை.

பெற்றோரே, கைத்தொலைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதும் கடைசி இடைவெளியை அடைக்கும் முயற்சியே. பிள்ளை அயல்வீட்டு நண்பனிடம் அதைக் கண்டுகொள்வான். அந்த வழியிலோ உங்கள் கோபுரம் ஒன்றுகூட இராது. 2006ஆம் ஆண்டு தம் 15ஆவது வயதில் இறைவனடி சேர்ந்து, 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி திருத்தந்தை 14ஆம் லியோவினால் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுதிசும் கணனி விளையாட்டுக்களை விரும்பியவரே. வாரத்தில் ஒரு மணிநேரமே அவர் விளையாடினார். அந்த எல்லையை வகுத்துக்கொண்டவரும் அவரே.