வாடகைக் குடியிருப்புகளில் பகிர்வு இணையம்

ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் பல குடும்பங்கள், வீட்டுக்கொரு இணைப்பு வாங்காமல், ஒரு அதிவேக இணைய இணைப்பைக் கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ பிரித்துப் பயன்படுத்துவது பகிர்வு இணையம் எனப்படும். பொதுக் கிணறும் ஒற்றை மின்மோட்டாரும் கொண்ட காம்பவுண்டு வீடுகளில் இந்த ஏற்பாடு புதிதல்ல. பகிரப்படும் பொருள் மட்டுமே மாறியிருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி போன்ற நகரங்களில் இதன் தேவை எளிதில் விளங்கும். ஆட்சியர் அலுவலகமும், 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் வெளியூர்க்காரர்களை வாடகைக்கு வர வைக்கும் இடங்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வருபவருக்கு நிறுவல் கட்டணம், பல மாத முன்பணம் என்று கட்டி ஒரு இழை இணைப்பு வாங்குவது கட்டுப்படியாவதில்லை. கைபேசித் தரவை வைத்து ஒரு மாணவர் பாடக் காணொளிகளை மாதம் முழுக்கப் பார்ப்பதும் கடினம்.

கண்ணாடி இழை இணைப்பு அடிப்படையிலேயே ஒரு பகிர்வுதான். ஜிபான் தொழில்நுட்பத்தில், சேவை நிறுவனத்தின் கருவியிலிருந்து வரும் ஒற்றை இழை வழியிலுள்ள பிரிப்பான்களில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிகிறது. அத்தனை கிளைகளுக்கும் சேர்த்துக் கிடைப்பது தரவிறக்கத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், தரவேற்றத்துக்கு 1.25 ஜிகாபிட். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் கேட்பதில்லை என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் 100 எம்பிபிஎஸ், 200 எம்பிபிஎஸ் என்று விற்க முடிகிறது. கட்டடத்துக்குள் நடப்பது அதே கணக்கின் சிறிய வடிவம்.

ஆறு வீடுகள் 100 எம்பிபிஎஸ் இணைப்பொன்றைப் பகிர்வதாகக் கொள்ளலாம். உயர்தரக் காணொளி ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் போதும். வீட்டுக்கு இரண்டு திரை ஓடினாலும் 60 எம்பிபிஎஸ்தான் ஆகும். மாத அளவையும் பார்க்க வேண்டும். வரம்பற்றது என்று விற்கப்படும் திட்டங்கள் பலவற்றிலும் 3,300 ஜிபி தாண்டினால் வேகம் குறைக்கப்படும். ஆறாகப் பிரித்தால் வீட்டுக்கு 550 ஜிபி. மணிக்கு 3 ஜிபி என்று வைத்தால் நாளுக்கு ஆறு மணி நேரக் காணொளிக்கு அது போதுமானது.

ஆனாலும் சண்டை வருகிறது. காரணம் பெரும்பாலும் தரவிறக்கமல்ல, தரவேற்றம். கீழ்வீட்டில் ஒருவரது கைபேசி நூற்றுக்கணக்கான படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றத் தொடங்கினால், மாடியில் நேர்காணலில் இருப்பவரின் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். ரூட்டரின் வரிசையில் பொதிகள் தேங்கி நிற்பதே இதற்குக் காரணம். வேகத்தைக் கூட்டி வாங்கினாலும் இது முழுதாகத் தீராது. வரிசையை நியாயமாகப் பங்கிடும் வசதியுள்ள ரூட்டரை வைத்து, கிடைக்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவான வரம்பை அதில் அமைத்தால் பெருமளவு தீரும்.

வைஃபையை மட்டும் நம்புவது இன்னொரு தவறு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது வலுவிழக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்களின் நெரிசலில் சிக்கும். ஒரு சுவிட்சிலிருந்து வீட்டுக்கொரு கேட்-6 கம்பி இழுத்து, அங்கே தனி ரூட்டர் வைப்பதே உறுதியான வழி. கம்பி 100 மீட்டர் வரை தாங்கும். ஒரு வீட்டுக் கணினியும் கேமராவும் மற்ற வீட்டாருக்குத் தெரியாமல் இருப்பது இதன் கூடுதல் பயன். முதன்மை ரூட்டரை வைத்திருப்பவர் தன் கருவிகளையும் இப்படித் தனி ரூட்டருக்குப் பின்னால் வைக்க வேண்டும்; இல்லையெனில் அவை மட்டும் எல்லோருக்கும் திறந்து கிடக்கும். எந்த வீட்டிலிருந்து எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பதை அவர் ஓரளவு காண முடியும் என்பதும் குடியிருப்போர் அறிய வேண்டியது.

கருவிகளைவிடக் கடினமானது பொறுப்பு. இணைப்பு ஒருவர் பெயரில்தான் இருக்கும். ஆறு வீட்டுப் போக்குவரத்தும் அவர் பெயரிலேயே பதிவாகும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சலின் தடம், நவி மும்பையில் வாடகைக்கு இருந்த ஒரு வெளிநாட்டவரின் வைஃபையில் போய் முடிந்தது. அதை அனுப்பியவர் அவரல்லர். ஆனால் விசாரணை அவர் வீட்டு வாசலில்தான் தொடங்கியது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை பாதுகாப்பற்ற வைஃபை குறித்து இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. மேலும், வீட்டுத் திட்டங்களின் ஒப்பந்தங்கள் பொதுவாக மறுவிற்பனையைத் தடுக்கின்றன. செலவைப் பங்கிட்டுக்கொள்வதாக எண்ணி வீட்டு உரிமையாளர் வாங்கும் மாதத் தொகையையும் நிறுவனம் மறுவிற்பனையாகக் கருதலாம்.

இதற்கான முறையான வழி 2020 டிசம்பர் 9 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டம். இதில் கட்டட உரிமையாளரோ மளிகைக் கடைக்காரரோ, உரிமமும் பதிவுக் கட்டணமும் இன்றி, பொதுத் தரவு நிலையம் நடத்தலாம். பெயரே பழைய மஞ்சள் பலகை பிசிஓ-வை நினைவூட்டுகிறது. பயனர் செயலி வழியே அடையாளம் காட்டி நுழைவதால், யார் பயன்படுத்தினார் என்பது இணைப்பு வைத்திருப்பவரின் தலையில் விழுவதில்லை. ஆனால் இத்தகைய நிலையங்களிடம் வணிகக் குத்தகைக் கட்டணம் கேட்கப்பட்டது பெரும் தடையாக இருந்தது. 2025 ஜூனில் டிராய் வெளியிட்ட ஆணை, 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு இழைத் திட்டங்களை, அவற்றின் சில்லறைக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மிகாமல் இந்நிலையங்களுக்குத் தர வேண்டும் என்றது. ஆறு குடும்பம் பகிரும் இடத்தில் இரு மடங்கு என்பதும் தனித்தனியே வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குதான்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் கேள்வியே வேறு. நகரத்தில் பகிர்வு செலவைக் குறைக்க. வெள்ளிமலையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடியினர் ஊர்களில், ஊருக்கு ஒரு இழை வந்தாலே பெரிது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் செய்கிறது; இழையின் பெரும்பகுதி மின்கம்பங்கள் மேலே போகிறது. அப்படி வரும் இழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றால் குன்றுக்கு அப்பாலுள்ள குக்கிராமத்துக்குப் பயனில்லை. உண்டு உறைவிடப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், கடை என ஒவ்வொன்றும் அதிலிருந்து கிளை எடுத்தாக வேண்டும். நேர்பார்வை உள்ள இடங்களில் திசைநோக்கு ஆண்டெனா இரண்டு போதும். மரமும் மேடும் மறைத்தால் கம்பிதான். மழைக்காற்றில் மின்சாரம் நின்றால் இழை அறுபடாமலேயே இணையம் நின்றுபோகும். இழை முனைக் கருவியும் ரூட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை என்பதால், ஒரு சிறிய மின்கலமும் சூரியத் தகடும் அவற்றை ஓட்டிவிடும்.