ஓரிடத்திற்குரிய எண்கள்: புவி மைய அளவையும் அட்சரேகையும்

கல்வெட்டாயினும் புதைபொருளாயினும், அது கிடைத்த இடத்தைப் பிழையற அறிவித்தல் ஆய்வாளர் கடமையாகும். ஊர்ப்பெயர் காலப்போக்கில் மாறும். ஆற்றின் போக்கும் மாறும். ஆதலின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்னும் மூன்று எண்களால் இடத்தைக் குறித்தல் இந்நாளில் வழக்கமாயிற்று. செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவி இவ்வெண்களைத் தருகின்றது. நாமும் ஐயமின்றி எழுதிக்கொள்கின்றோம். இவை பெறப்படும் முறையை அறியாவிடின் நேரும் பிழை சிறிதன்று என்பதை ஈண்டு விளக்குவாம்.

மூன்று நீளங்கள்

அக்கருவி முதற்கண் காண்பது அட்சரேகையன்று. புவியின் மையத்திலிருந்து மூன்று அச்சுகள் வழியே அளந்த நீளங்களையே அது காண்கின்றது. முதல் அச்சு நடுவரையும் கிரீனிச்சுத் தீர்க்கரேகையும் வெட்டும் புள்ளியை நோக்கியது. இரண்டாவது நடுவரையில் 90 பாகை கிழக்கை நோக்கியது. மூன்றாவது வடதுருவத்தை நோக்கியது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இந்நீளங்கள் ஏறத்தாழ 1,181.5, 6,153.8, 1,185.4 கிலோமீட்டர் ஆகும்.

இவற்றுள் தீர்க்கரேகையைப் பெறுதல் எளிது. இரண்டாம் நீளத்தை முதல் நீளத்தால் வகுத்து, அவ்விகிதத்திற்குரிய கோணத்தைக் கண்டால் 79 பாகை 8 கலை கிழக்கு என வரும். அட்சரேகையே இடர்ப்பாடு உடையது.

தட்டைக் கோளத்தால் வரும் சிக்கல்

புவி முழுக்கோளமாயின், மூன்றாம் நீளத்தை அச்சிலிருந்துள்ள தொலைவாகிய 6,266.2 கிலோமீட்டரால் வகுத்தே விடை கண்டுவிடலாம். அங்ஙனம் கண்டால் 10 பாகை 43 கலை எனக் கிடைக்கும். ஆயின் கோயிலின் உண்மையான அட்சரேகை 10 பாகை 47 கலையாகும். நான்கு கலை வேறுபாடு நிலத்தின்மேல் ஏறத்தாழ 8 கிலோமீட்டராம். கோயிலை அத்துணைத் தொலைவு தெற்கே தள்ளி வைத்தவராவோம்.

புவி துருவங்களில் தட்டையானது என்பதே இதற்குக் காரணம். டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் அளவையில் நடுவரை ஆரம் 6,378,137 மீட்டர். துருவ ஆரம் அதனினும் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் குறைவு. தட்டையான பரப்பில் நட்ட செங்குத்துக் கோடு மையத்தை நோக்கிச் செல்வதில்லை. அட்சரேகை என்பதோ அச்செங்குத்துக் கோடு நடுவரைத் தளத்தோடு கொள்ளும் கோணமாம்.

அதனைக் காணச் செங்குத்தின் நீளம், அஃதாவது பரப்பிலிருந்து துருவ அச்சைத் தொடும் வரையுள்ள நீளம், வேண்டும். அந்நீளத்தை அறியவோ அட்சரேகை வேண்டும். ஒன்றையறிய மற்றொன்று வேண்டியிருத்தலின், படிப்படியாகத் திருத்தும் முறையைக் கையாளுகின்றனர். முதலில் 10 பாகை 43 கலையையே விடையெனக் கொண்டு செங்குத்து நீளத்தைக் கணிப்பர். அந்நீளம், அக்கோணத்தின் சைன், தட்டைமையைக் குறிக்கும் 0.00669438 என்னும் எண் ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 7.94 கிலோமீட்டர் வரும். இதனை மூன்றாம் நீளத்தோடு கூட்டி, மீண்டும் 6,266.2 ஆல் வகுத்துக் கோணம் காண்பர். ஒவ்வொரு சுற்றிலும் பிழை ஏறத்தாழ நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். 8 கிலோமீட்டர்ப் பிழை முதற்சுற்றில் 50 மீட்டராகவும், அடுத்த சுற்றில் அரை மீட்டருக்கும் குறைவாகவும் தேய்கின்றது. 1976 இல் பவுரிங் என்பார் கண்ட வாய்பாடு ஒரே சுற்றில் போதிய திட்பம் தருவது.

உயரமும் பழைய படங்களும்

இறுதியில் கிடைக்கும் உயரம் தட்டைக் கோளத்திற்கு மேலுள்ள உயரமேயன்றிக் கடல்மட்டத்திற்கு மேலுள்ளது அன்று. தமிழகக் கடற்கரையில் கடல்மட்டமே அக்கோளப் பரப்பிற்கு 80 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துள்ளது. திருத்தம் செய்யாத எண்ணை நம்புவோர், பூம்புகார்க் கரையில் நின்றுகொண்டே அக்கரை கடலுக்கடியில் ஆழ்ந்ததென எழுத நேரும். கடல்கோள் ஆராய்ச்சியில் இத்தகைய பிழை எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதைச் சொல்ல வேண்டா.

பிறிதொன்றும் கருதத்தக்கது. 1802 இல் லாம்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தென்னாட்டில் தொடங்கிய நில அளவைப் பணியின் பயனாக எழுந்தது, 1830 ஐச் சார்ந்த எவரெசுட்டுக் கோளம். நம் பழைய நிலப்படங்கள் அதனை அடிப்படையாகக் கொண்டவை. அதன் மையம் புவியின் மையத்தோடு பொருந்துவதில்லை. ஆகவே பழைய படத்தின் எண்ணைப் புதிய கருவியில் இட்டுத் தேடினால், இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகிப் போகும். 2005 ஆம் ஆண்டுத் தேசிய நிலப்படக் கொள்கை பொதுமக்களுக்குரிய படங்களைப் புதிய அளவையில் அமைக்க வழி செய்தது. எனினும் முன்னையோர் குறித்த எண்கள் பழைய அளவையிலேயே நம் கையில் உள்ளன.

ஆகவே கல்வெட்டின் இடத்தைக் குறிப்போர், எண்களோடு எந்தக் கோளத்தைச் சார்ந்தவை என்பதையும், உயரம் கடல்மட்டத்திலிருந்து கொண்டதா என்பதையும் ஒருங்கே எழுதுதல் வேண்டும். பாடபேதத்தைக் குறிக்குமிடத்து ஏட்டின் பெயரையும் சுட்டும் நாம், இடத்தைக் குறிக்குமிடத்தும் அந்நெறியையே போற்றுவோமாக.