ராமானுஜன் அட்டவணையில் விட்டுப்போன எண்

நாம் வசிப்பது தாம்பரத்தை அடுத்த அஸ்தினாபுரத்தில். பாரதத்து அஸ்தினாபுரத்தில் ஊசி முனையளவு நிலமும் பங்கு தர மறுத்ததால் பதினெட்டு நாள் யுத்தம் மூண்டதை நேயர்கள் அறிவர். பங்கிடும் விஷயத்தில் எண்களிலும் கருமிகள் உண்டு, தாராளமானவையும் உண்டு. 13 மாம்பழங்களைப் பதின்மூவருக்கன்றி வேறு எந்தக் கூட்டத்துக்கும் வெட்டாமல் சமமாய்ப் பங்கிட முடியாது. 12 பழங்களோ 2, 3, 4, 6, 12 பேர் யார் வந்தாலும் இடம் கொடுக்கும். 1-ஐயும் சேர்த்தால் 12-க்குக் காரணிகள் 6. அதனினும் சிறிய எண் எதற்கும் இத்தனை காரணிகள் இல்லை. இத்தகைய எண்ணை உயர் பகு எண் என்போம். நம் முன்னோர் நாளொன்றுக்கு வகுத்த 60 நாழிகையும் இவ்வினமே. கிரேக்க ஞானி பிளேட்டோ தம் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் என்று வரையறுத்தார்; 1 முதல் 10 வரை எல்லா எண்களும் அதனை மீதியின்றி வகுக்கும். அதுவும் உயர் பகு எண்ணே.

1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற ராமானுஜன், மறு ஆண்டே இவ்வெண்களைப் பற்றி நீண்டதோர் கட்டுரை வெளியிட்டார். இங்கே எஃப்.ஏ. பரீட்சையில் தேறாத அவருக்கு 1916-இல் பி.ஏ. பட்டம் கிடைத்தது இந்த ஆராய்ச்சிக்காகவே. அச்சிட்ட லண்டன் கணித சங்கத்துக்கு அப்போது பண முடை, பிற்பகுதி அச்சேறவில்லை. அவர் 1920-இல் மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்பே அது வெளிவந்தது.

அக்கட்டுரையில் 102 உயர் பகு எண்கள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. கடைசி எண் 6746328388800; அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதற்கிடையே வரவேண்டிய ஓர் எண் மட்டும் விட்டுப்போயிற்று. அது 293318625600.

இதன் காரணிகளை ஒவ்வொன்றாய் எண்ண வேண்டியதில்லை. பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வரும். ஒரு காரணியை அமைக்க 2-ஐ அறவே விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை எடுக்கலாம்: ஏழு வழிகள். அவ்வாறே 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற நான்குக்கும் இவ்விரண்டு. பெருக்கினால் 5040. பிளேட்டோவின் எண் இங்கே வந்து நிற்பது தற்செயல்தான், ஆயினும் வேடிக்கையல்லவா?

மேதை ஒருவர் விட்டதைச் சொல்வதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாமகிரித் தாயார் கனவில் அருளிய கதையை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகள், கணக்கு வரம் பெற்றவர்க்கே உரியது என்று எண்ணிச் சிலேட்டைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வகுப்பில் நாம் நாள்தோறும் காணும் பெரிய இடையூறு இதுவே. கணிப்பொறி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் கையால் கணக்கிட்டார். 103-இல் ஒன்று தவறிற்று என்றால், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

வீட்டில் பென்சிலும் காகிதமும் இருந்தால், அட்டவணையின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். விட்டுப்போனது ஈவாக வந்து நிற்கும்.