கற்பனையும் கணக்கும்: ஒரு விஞ்ஞானக் கதாசிரியரின் எண்ணம் கிராமத்துக்கு வந்த வரலாறு

விஞ்ஞானமும் கதையும் ஒன்றுக்கொன்று பகை என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. ஒன்று மெய்யை நாடுவது, மற்றது புனைவது. ஆயினும், நாம் நாள்தோறும் பயன்படுத்தும் சாதனங்களுள் சில, கருவியாக உருப்பெறுமுன் ஒருவருடைய கற்பனையில் தோன்றியவையே. கற்பனையில் தோன்றியவை யாவும் கருவியாகிவிடுவதும் இல்லை. எது நிறைவேறத்தக்கது, எது வெறுங்கனவு என்று முன்னதாகவே பிரித்தறிய வழி உண்டா? மாணவரின் வினாக்களுக்கு விடை கூற வேண்டிய ஆசிரியர்க்கும், புதிய சாதனங்களை ஊர்மக்களிடம் எடுத்துச் செல்ல வேண்டிய களப் பணியாளர்க்கும் இது முக்கியமான கேள்வியாகும். இதனை ஆராய, ஆர்தர் சி. கிளார்க் என்னும் எழுத்தாளரின் கருத்துக்கள் பெரிதும் துணை செய்யும். அவருடைய எண்ணம் ஒன்று நம் நாட்டுக் கிராமங்களிலேயே சோதிக்கப்பட்டது என்பதும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும்.

ரேடார் பணியில் பிறந்த எண்ணம்

கிளார்க் 1917-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். இளமையிலேயே விஞ்ஞானக் கதைகளில் தீராத ஆர்வங்கொண்டார். இரண்டாவது உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் ரேடார்த் துறையில் பணியாற்றினார். மூடுபனியில் வழி தெரியாது வரும் விமானத்தை, தரையிலுள்ளோர் ரேடார் உதவியால் பத்திரமாக இறக்கும் முறையில் அவர் ஈடுபட்டிருந்தார். கண்ணுக்குப் புலப்படாத அலைகள் எவ்வளவு நம்பகமானவை என்பதை அவர் ஏட்டில் மட்டும் படித்தவரல்லர், பணியில் கண்டவர்.

1945-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், வானொலித் துறையினர் படிக்கும் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. சிற்றலை வானொலியைப் போலன்றி, தொலைக்காட்சிக்குரிய மிகக் குறுகிய அலைகளும் நுண்ணலைகளும் புவியின் வளைவைத் தாண்டி நெடுந்தூரம் செல்வதில்லை. ஆகவே தொலைக்காட்சியை நாடு முழுவதும் பரப்ப, தரையில் ஏராளமான கோபுரங்களை நிறுவ வேண்டும். இதற்கு மாற்றாக, ஆகாயத்திலேயே ஒரு கோபுரம் நிறுத்தினால் என்ன என்று கிளார்க் கேட்டார். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஒரு குறிப்பிட்ட உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றும் கோள் ஒன்று, புவி தன்னைத்தானே சுற்றும் அதே காலத்தில் தானும் ஒரு சுற்று முடிக்கும். தரையிலிருந்து நோக்குவோர்க்கு அது வானில் அசையாது நிற்பதுபோல் தோன்றும். அத்தகைய நிலையங்கள் மூன்று இருந்தால், துருவப் பகுதிகள் நீங்கலாக, உலகம் முழுவதையும் இணைத்துவிடலாம் என்று அவர் விளக்கினார்.

அத்தகைய பாதையைப் பற்றி அவருக்கு முன்னரே எண்ணியவர்கள் உண்டு. அதனைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று கணக்கிட்டுக் காட்டியதே கிளார்க்கின் சிறப்பாகும். முதல் செயற்கைக் கோளாகிய ஸ்புட்னிக் விண்ணேகியது 1957-இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இக்கட்டுரை எழுதப்பட்டது என்பது கருதத்தக்கது.

கரும்பலகையில் ஒரு சோதனை

கிளார்க் கூறிய உயரத்தை உயர்நிலைப் பள்ளி மாணவரே கண்டுபிடித்துவிடலாம். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, சுற்றும் காலத்தின் வர்க்கம், தூரத்தின் கனத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். சந்திரன் புவியிலிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில், ஏறத்தாழ 27 நாட்களில் ஒரு முறை புவியைச் சுற்றுகிறது. நமக்கு வேண்டியது ஒரே நாளில் சுற்றும் கோள். 27-இன் கனமூலம் 3. அதன் வர்க்கம் 9. ஆகவே அக்கோள் இருக்க வேண்டிய தூரம், சந்திரனின் தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அதாவது, புவியின் மையத்திலிருந்து சுமார் 42,700 கிலோமீட்டர். இதிலிருந்து புவியின் ஆரமாகிய 6,400 கிலோமீட்டரைக் கழித்தால் 36,300 கிலோமீட்டர் கிடைக்கிறது. நுட்பமான கணக்கில் வரும் உயரம் 35,786 கிலோமீட்டர். கரும்பலகையில் நான்கே வரிகளில் நாம் செய்த கணக்கு, உண்மைக்கு இவ்வளவு அருகில் வருகிறது!

இதே சோதனையில் தோல்வியுறும் கற்பனையையும் மாணவர் காண வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன், 1865-இல் வெளியிட்ட கதையில், மூன்று மனிதர்களை ஒரு மாபெரும் பீரங்கியிலிருந்து சந்திரனை நோக்கிச் சுடுகிறார். பீரங்கியின் நீளம் 900 அடி; ஏறத்தாழ 270 மீட்டர். புவியின் ஈர்ப்பை விட்டு நீங்க, நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும். நின்ற நிலையிலிருந்து இந்த வேகத்தை 270 மீட்டருக்குள் எட்டுவதாயின், முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 22,000 மடங்குக்கும் மேலாகிறது. 60 கிலோ எடையுள்ள மனிதரின் உடலை, 1,300 டன்னுக்கும் மிகுந்த சுமை நசுக்கும். கதை சுவையானதே, ஆனால் அதில் சென்றவர் எவரும் புறப்பட்ட கணத்தைக் கடந்திருக்க முடியாது.

இரண்டு எழுத்தாளரும் கற்பனை வளம் மிக்கவர்களே. ஒருவருடைய கற்பனை கணக்குக்கு ஈடுகொடுத்தது, மற்றவருடையது ஈடுகொடுக்கவில்லை. கற்பனையைச் சோதிக்கும் முதல் உரைகல் இதுவே.

கணக்குக்கு அகப்படாதது

ஆயினும் கணக்கு ஒன்றே போதுமா? கிளார்க் கற்பனை செய்த நிலையத்தில் மனிதர்கள் தங்கியிருந்து பணி செய்வார்கள். அந்நாளில் மின்னணுச் சாதனங்கள் யாவும் கண்ணாடி வால்வுகளால் இயங்கின. வால்வுகள் அடிக்கடி பழுதாகும். அவற்றை மாற்ற ஆள் வேண்டும். 1946-இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அறிமுகமான எனியாக் என்னும் கணிப்பொறியில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. அதன் எடை 30 டன். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே உருவாக்கி 1960-இல் இயக்கிய டிஃப்ராக் என்னும் கணிப்பொறியும் வால்வுகளைக் கொண்டதே.

கிளார்க்கின் கட்டுரை வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1947 டிசம்பரில், டிரான்ஸிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. சிறியதும், குறைந்த மின்சாரத்தில் இயங்குவதும், நீண்ட நாள் உழைப்பதுமான இச்சாதனம், விண்வெளி நிலையத்தில் ஆளிருக்க வேண்டிய தேவையையே ஒழித்துவிட்டது. 1964-இல், புவியோடு ஒத்துச் சுற்றி வானில் நிலைத்து நின்ற முதல் கோளாகிய சின்காம்-3, டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுக்களின் காட்சிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அதில் மனிதர் எவரும் இல்லை. கோளின் உயரத்தைச் சரியாகக் கூறியவர், அக்கோளின் உருவத்தைக் கூறுவதில் பிழைபட்டார். இயற்கையின் விதிகள் மாறுவதில்லை. மனிதர் செய்யும் பொருள்களோ மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே முன்னதைப் பற்றிய கணிப்பு நிலைக்கிறது. பின்னதைப் பற்றிய கணிப்பு எளிதில் பொய்த்துவிடுகிறது.

பேசும் கணிப்பொறி

கணிப்பொறியைப் பற்றிய கிளார்க்கின் கருத்துக்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். ஸ்டான்லி குப்ரிக் என்னும் திரைப்பட இயக்குநருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விண்வெளிக் கதை 1968-இல் திரைப்படமாகவும் நாவலாகவும் வெளிவந்தது. கதை நிகழ்வது 2001-ஆம் ஆண்டில். அதில் ஹால் என்னும் கணிப்பொறி மனிதரோடு உரையாடுகிறது. சதுரங்கம் ஆடி வெல்கிறது. விண்கலம் முழுவதையும் தானே நடத்துகிறது. 2001-ஆம் ஆண்டு வந்தபோது, கதையிற் கண்டவாறு சந்திரனில் குடியிருப்பும் இல்லை. வியாழனை நோக்கி மனிதர் செல்லவும் இல்லை. ஆயினும் சதுரங்க உலக சாம்பியனாகிய காஸ்பரோவை 1997-இலேயே ஒரு கணிப்பொறி வென்றிருந்தது. மனிதரோடு இயல்பாக உரையாடும் கணிப்பொறிகளோ, மேலும் இருபது ஆண்டுகள் கழித்தே பொதுமக்கள் கைக்கு வந்தன.

ஆனால் கதையின் உட்பொருள் சாதனங்களில் இல்லை. ஹால் இறுதியில் விண்கலத்தில் உள்ளோரைக் கொல்லத் துணிகிறது. அது தீய எண்ணங்கொண்ட யந்திரம் என்றே பலரும் கருதினர். 1982-இல் எழுதிய தொடர் நாவலில் கிளார்க் காரணத்தை விளக்கினார். செய்திகளை மறைக்காமலும் திரிக்காமலும் தருவதற்கென்று படைக்கப்பட்டது அக்கணிப்பொறி. பயணத்தின் உண்மை நோக்கத்தை உடன் செல்வோரிடமிருந்து மறைக்குமாறு அதற்கு மேலிடம் ஆணையிட்டது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டளைகளுக்கு இடையில் அது நிலைகுலைந்தது. குற்றம் யந்திரத்தினுடையதன்று, கட்டளையிட்டவர்களுடையது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி எங்கும் பேசப்படும் இந்நாளில், யந்திரத்துக்கு என்ன பணி தரப்பட்டது, அப்பணியைத் தந்தவர் யார், அதன் விளைவுக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்பதற்கு இக்கதை நம்மைப் பழக்குகிறது.

2,400 கிராமங்கள்

கிளார்க் 1956-இல் இலங்கையில் குடியேறி, 2008-இல் கொழும்பில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். விஞ்ஞானத்தை மக்களிடையே பரப்பியமைக்காக 1961-இல் அவருக்கு வழங்கப்பட்ட யுனெஸ்கோவின் கலிங்கப் பரிசு, ஒரிஸ்ஸாவின் பிஜு பட்நாயக் அளித்த நன்கொடையால் நிறுவப்பட்டது.

அவருடைய எண்ணத்தின் பெருஞ்சோதனை இந்தியாவில் நடைபெற்றது. டாக்டர் விக்ரம் சாராபாய் வகுத்த திட்டத்தின்படி, 1969-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் பயனை அவர் காணவில்லை, 1971-இல் காலமானார். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கக் கோளின் வழியாகக் கல்வித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஒலிபரப்பப்பட்டன. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிஸ்ஸா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்கள் அவற்றைக் கண்டன. காலையில் பள்ளிச் சிறுவர்க்கும், மாலையில் பொதுமக்களுக்கும் நிகழ்ச்சிகள் அமைந்தன. வேளாண்மை, சுகாதாரம், குடும்ப நலம் ஆகியவை முக்கியப் பொருள்கள். விடுமுறைக் காலத்தில், தொடக்கப் பள்ளி ஆசிரியர் சுமார் 50,000 பேர்க்கு விஞ்ஞானப் பாடத்தில் இவ்வழியே பயிற்சி அளிக்கப்பட்டது.

ஒவ்வொரு கிராமத்திலும் மூன்று மீட்டர் அகலமுள்ள கிண்ணம் போன்ற அலைவாங்கி நிறுத்தப்பட்டது. கோழிக் கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையே அதன் உறுப்பு. மலிவாகவும், உள்ளூரிலேயே செப்பனிடத்தக்கதாகவும், காற்று புகுந்து செல்லத்தக்கதாகவும் அது அமைந்தது. மின்சாரம் எட்டாத சில ஊர்களில் பெட்டிகள் பாட்டரிகளால் இயங்கின. 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கோளைப் பற்றிய கணக்கு 1945-இலேயே முடிந்திருந்தது. மழையில் நனையும் பெட்டியை எங்கே வைப்பது, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார், எல்லாச் சாதியினரும் வந்து அமரத்தக்க பொதுவிடம் எது, ஒடியா பேசும் ஊருக்கு எம்மொழியில் பேசுவது என்னும் கேள்விகளுக்கு எக்கட்டுரையிலும் விடை இல்லை. பொறியாளரும், நிகழ்ச்சி தயாரிப்போரும், பெட்டியைப் பாதுகாத்த உள்ளூர்ப் பொறுப்பாளரும் சேர்ந்தே அவற்றுக்கு விடை கண்டனர். சமூக ஆய்வாளர் சிலர் கிராமங்களிலேயே தங்கி, மக்கள் எதைப் பார்த்தனர், எதைப் புறக்கணித்தனர் என்று குறித்தனர்.

அதே காலத்தில், இந்தியப் பொறியாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் இல்லத்திலும் ஓர் அலைவாங்கியை நிறுவினர். இலங்கையில் அன்று தொலைக்காட்சி நிலையம் ஏதும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் கணக்கிட்ட உயரத்திலிருந்து வந்த காட்சிகளை, அவர் தம் வீட்டிலிருந்தே கண்டார்.

ஓராண்டு முடிந்ததும் கோள் திரும்பப் பெறப்பட்டது. அக்கிராமங்களிற் பலவற்றில் திரை இருண்டது. சொந்தக் கோள் இல்லாதவரை இச்சேவை நிலையானதன்று என்பது தெளிவாயிற்று. 1983-இல் விண்ணில் நிறுத்தப்பட்ட இன்சாட்-1பி இக்குறையைத் தீர்த்தது. 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் என்னும் கோள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் ராக்கெட்டிலேயே ஏவப்பட்டது.

நாம் செய்யத்தக்கது

புதிய சாதனம் ஒன்றைப் பற்றிப் பெரும் புகழுரைகள் வரும்போது, உடனே நம்புவதும் தவறு. உடனே நகைப்பதும் தவறு. அது அறிந்த விதிகளுக்கு முரணாக உள்ளதா என்று முதலில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பின்னர், அது நம் ஊரின் மின்சாரத்துக்கும், மழைக்கும், மொழிக்கும், பழுதுபார்ப்போரின் திறனுக்கும் ஏற்றதா என்று விசாரிக்க வேண்டும். அதனை அளிப்பவர் நாளை அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் ஊர்மக்களின் நிலை என்னாகும் என்றும் கேட்க வேண்டும். இக்கேள்விகளுள் முதலாவதற்கு ஆசிரியர் விடை காணலாம். மற்றவற்றுக்கு விடை காணத்தக்கவர், அவ்வூர்களை நேரில் அறிந்த களப் பணியாளரே. மேலிடத்திலுள்ளோர் கேளாவிடினும், தாம் கண்டதை அவர்கள் எழுதி அனுப்புதல் வேண்டும். 1975-இல் கிராமங்களிலிருந்து வந்த குறிப்புக்கள் பின்னர் வந்த திட்டங்களுக்குப் பயன்பட்டன.

ஆசிரியர்கள் விஞ்ஞானக் கதைகளை மாணவர்க்கு விலக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு கதையை வகுப்பில் படிக்கச் செய்து, அதிலுள்ள எண்ணம் ஒன்றைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டலாம். சந்திரனின் தூரமும், கெப்ளரின் விதியும், கனமூலமும் பாடநூலிலேயே உள்ளன. செலவின்றிச் செய்யத்தக்க இப்பயிற்சியை, வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.