‘நான் இறங்கச் சொல்லல’: நோக்கம் எங்கே இருக்கிறது?

2011இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது அதன் எல்லை செம்மஞ்சேரியோடு நின்றது. அதற்குத் தெற்கே நாவலூர். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது; நான் வாடகைக்கு இருக்கும் குடியிருப்புக்குக் கழிவுநீர் லாரிதான் கதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டி பொங்கி வழிந்தது. லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்சியும் அடியில் இறுகிய கசடு வரவில்லை. இருபது வயது தாண்டியிராத ஒரு பையன் சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். நல்லவேளை, ஏறியும் வந்தான். ‘எதுக்குங்க உள்ள இறக்குனீங்க?’ என்று சங்கச் செயலாளரைக் கேட்டேன். ‘நான் இறங்கச் சொல்லல சார். அடைப்பு எடுக்கத்தான் சொன்னேன்’ என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நோக்கம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? மனத்துக்குள் முதலில் ஒரு எண்ணம் பிறக்கிறது, பிறகு அது கை காலுக்கு வந்து செயலாகிறது என்று நம்புகிறோம். ஆகவே செயலை மதிப்பிட மனத்துக்குள் எட்டிப்பார்க்க வேண்டும். அங்கே கெட்ட எண்ணம் இல்லையென்றால் ஆள் சுத்தம். ‘வேணும்னா செஞ்சேன்?’ என்ற கேள்வியின் முன்னால் எல்லாரும் வாயடைத்துப் போவது இந்த நம்பிக்கையால்தான்.

இதைக் கேள்விக்குள்ளாக்கியவர்களில் ஒருவர் எலிசபெத் ஆன்ஸ்கம். 1956இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் வழங்கியபோது, ஹிரோஷிமா, நாகசாகி மீது குண்டு போட ஆணையிட்டவருக்கா பட்டம் என்று எதிர்த்தவர். அடுத்த ஆண்டே நோக்கம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் ஒருவன் ஒரு வீட்டின் தொட்டிக்குக் கைப்பம்பால் தண்ணீர் ஏற்றுகிறான். தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறது. அவன் கையை அசைக்கிறான், பம்பை இயக்குகிறான், தொட்டியை நிரப்புகிறான், வீட்டிலிருப்பவர்களுக்கு விஷம் கொடுக்கிறான். செயல் ஒன்றே, விவரிப்புகள்தாம் நான்கு. இவற்றில் எதன்கீழ் அவன் அதைச் செய்தான் என்பதே கேள்வி. மனத்துக்குள் தனக்குத்தானே ஒரு சிறு பேச்சுப் பேசிக்கொண்டு நோக்கத்தைத் தீர்மானித்துவிட முடியாது என்கிறார் ஆன்ஸ்கம். எங்கள் செயலாளர் செய்ததும் இதுதான். ‘அடைப்பு எடுத்தல்’ என்ற விவரிப்பை வைத்துக்கொண்டு ‘ஆளை இறக்குதல்’ என்பதைத் தள்ளிவிட்டார்.

இதற்காக ஆக்ஸ்போர்டுவரை போக வேண்டியதுமில்லை. செய்பவனை இயற்றுதற் கருத்தா என்றும், செய்விப்பவனை ஏவுதற் கருத்தா என்றும் நம் இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. கரிகாலன் கல்லணையைக் கட்டினான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவன் ஒரு கல்லையும் சுமந்திருக்க மாட்டான். ஆனாலும் வினை அவனுடையது. அதே தமிழில் அச்சாகும் செய்தித் தலைப்பைப் பாருங்கள்: ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’. இங்கே கருத்தா வாயு. கூப்பிட்டவர், பேரம் பேசியவர், மூடியைத் திறந்தவர் யாரும் வாக்கியத்தில் இல்லை. பெருமை என்றால் ஏவியவன் பெயர் வருகிறது. பழி என்றால் வாயுவின் பெயர் வருகிறது. இந்த வேலைக்கு ஏவப்படுபவர்கள் எந்தச் சாதியினர் என்பது நமக்குத் தெரியும். ஏவியவரை மறைக்கும் சொல்லாடல் அந்தச் சாதி ஒழுங்கையும் சேர்த்தே மறைக்கிறது.

சட்டம் இதை ஓரளவு புரிந்துவைத்திருக்கிறது. கொல்லும் நோக்கம் இல்லாவிட்டாலும், மரணம் நேரக்கூடும் என்று தெரிந்தே ஒன்றைச் செய்தால் பத்தாண்டுவரை தண்டனை என்பது 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. அலட்சியத்தால் மரணம் என்றால் பழைய சட்டத்தில் இரண்டாண்டுவரை, புதியதில் ஐந்தாண்டுவரை. தொட்டிச் சாவுகள் பெரும்பாலும் அலட்சியக் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் ஆளை இறக்குவதே குற்றம், செத்தால்தான் குற்றம் என்றில்லை என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது 2014இல் உச்ச நீதிமன்றம்; 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் ‘தொட்டிக்குள்ள கேஸ் இருக்கும்னு தெரியாது’ என்று ஒருவர் சொன்னால், தெரியாமலிருக்க அவர் பாடுபட்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(5) பிரிவு, பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றம், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ‘என்ற காரணத்தால்’ செய்யப்பட்டதாக நிறுவச் சொன்னது. குற்றவாளியின் மனத்துக்குள் சாதி வெறுப்பைத் தேடிக் காட்டும் வேலை வழக்கு நடத்தியவர்கள் தலையில் விழுந்தது. 2016 ஜனவரி 26 முதல் அந்த இடத்தில் ‘என்று தெரிந்து’ என்பதே போதும். ‘என்ன நினைச்ச?’ என்ற கேள்வி ‘உனக்கு என்ன தெரியும்?’ என்று மாறியது. சொல் சிறியது, ஆனால் தப்பிக்கும் வாசல் ஒன்று அதனால் அடைபட்டது.

எழுதுகிறவர்களாகிய நமக்கு இது புதிதல்ல. ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று ரொலான் பார்த்தைச் சொல்லித் தமிழில் 90களில் எவ்வளவு சண்டை! எழுதியவர் என்ன நினைத்தார் என்று பார்க்காதே, பிரதி என்ன செய்கிறது என்று பார் என்றோம். கதைக்கும் கவிதைக்கும் இதை ஒப்புக்கொண்ட நாம், தொட்டி மூடியருகே நிற்கும்போது மட்டும் ‘அவர் மனசுல கெடுதல் இல்லப்பா’ என்று சமாதானம் சொல்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். லாரியில் கயிறு இருந்தது. குழாயால் மட்டும் முடிகிற வேலை என்றால் கயிறு எதற்கு? விஷவாயு அளக்கும் கருவி இல்லை, முகக்கவசம் இல்லை. கயிறு மட்டும் இருந்தது. பேசிய கூலியும் ஆளை இறக்காமல் முடிக்கிற வேலைக்கான கூலியல்ல. நோக்கம் யாருடைய மனத்துக்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை. கயிறாகவும் கூலியாகவும் கண்ணெதிரே இருந்தது.

நானும் அங்கேதான் நின்றேன். பையன் இறங்கி முடித்த பிறகுதான் கேள்வி கேட்டேன். அந்த மாத மெயின்டனன்ஸையும் கட்டினேன். அடுத்த கூட்டத்தில், ஆள் இறங்காமல் செய்து தருபவருக்கே வேலை, கூடுதல் செலவை எல்லாரும் பகிர்ந்துகொள்வது என்று தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். ‘பாக்கலாம் சார்’ என்றார்கள். மழைக்காலம் வரப்போகிறது, தொட்டி மறுபடி பொங்கும். அன்றைக்கு ‘நான் இறங்கச் சொல்லல’ என்று சொல்லி நானும் தப்பிக்க முடியாது.