ஒளிக்கச் சொன்னதை ஒளியில் நிறுத்தும் கலை

"ஆம்பளை எதுக்குப் பொம்பளை வேஷம் போட்டு ஆடணும்? பெண்களைக் கேலி பண்ணத்தானே?" டிராக் எனும் வேடக் கலையைப் பற்றிச் சொன்னதுமே பலரும் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரே ஒரு கலைஞரை வைத்துப் பார்த்துவிடலாம்.

அவர் பெயர் சாஷா வெலூர். 1987இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர். அப்பா ரஷ்ய வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். சின்ன வயதில் சாஷாவுக்குப் பிடித்த விளையாட்டு, பாட்டியின் உடைகளை உடுத்திக்கொண்டு வேறொருவராக மாறுவது. வீட்டில் யாரும் அதட்டவில்லை. இரத்தக்காட்டேரிக் கதைகள் மீதும் தீராத ஈர்ப்பு. பிறகு வெர்மான்ட் மாநிலத்தில் காமிக்ஸ் கலையைப் பயின்றார். அந்தப் படிப்பை அவர் ஒப்பனையிலும் பார்க்கலாம். புருவமும் உதடும் கறுப்பு மையால் வரைந்த கோட்டோவியம்போல அழுத்தமாக நிற்கும்.

ஆனால் அவரை அடையாளம் காட்டுவது மொட்டைத் தலை. டிராக் உலகில் பெரிய விக் இல்லாமல் மேடையேறுவது அபூர்வம். சாஷாவின் அம்மாவுக்குப் புற்றுநோய்; சிகிச்சையில் முடி கொட்டியது. 2015இல் இறந்துபோனார். அந்த அம்மாவுக்குச் செய்யும் மரியாதையாகவே சாஷா மொட்டைத் தலையோடு, ராணியின் மிடுக்கோடு மேடைக்கு வந்தார். நோயாளிகள் துணியால் மூடிக்கொள்ளும் ஒன்று அங்கே கிரீடமானது. 2017இல் 'ரூபால்ஸ் டிராக் ரேஸ்' எனும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியின் ஒன்பதாவது சீசன் இறுதிச்சுற்று. பாடகி விட்னி ஹூஸ்டனின் பாட்டுக்கு வாயசைத்தபடி, அன்று மட்டும் அணிந்திருந்த விக்கைத் தூக்கினார். உள்ளிருந்து ரோஜா இதழ்கள் கொட்டின. பட்டமும் அவருக்கே.

நம் தெருக்கூத்தில் ஆண் ஒருவர் திரௌபதி வேடம் கட்டினால், கதையில் ஏற்கெனவே உள்ள ஒருத்தியாக மாறுகிறார். டிராக்கில் கதாபாத்திரத்தையே ஆடுபவர்தான் படைக்க வேண்டும். தன் ஆசை, துக்கம், ஊர் அடக்கச் சொன்ன நடை, பேச்சு எல்லாம் அதற்கு மூலப்பொருள். டிராக் கலைஞர்களில் ஆண் வேடமிடும் பெண்களும் உண்டு, திருநர்களும் உண்டு. சாஷா நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய 'நைட்கவுன்ஸ்' நிகழ்ச்சி இவர்கள் எல்லோருக்கும் மேடை தந்தது. எதற்காக வெட்கப்படு என்று ஊர் சொன்னதோ, அதைக் கைத்தட்டலுக்கு நடுவே நிறுத்துவதுதான் டிராக்கின் நோக்கம் என்பேன். பாட்டியின் உடையில் தொடங்கி அம்மாவின் நினைவில் உருக்கொண்ட கலையைப் பெண்களைப் பழிப்பது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கைப்பேசியில் டிராக் காட்சி ஏதாவது வந்தால் தள்ளிவிடாதீர்கள், முழுதாகப் பாருங்கள். அந்த 2017 இறுதிச்சுற்றிலிருந்தே தொடங்கலாம்.