உப்பளத்தில் ஃபேஷன் ஷூட்: எங்கே சொதப்பும், எப்படிச் சமாளிப்பது?

வெள்ளைப் பாத்திகள், வானத்தைக் காட்டும் தண்ணீர், குவியல் குவியலாக உப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும் புகைப்படக்காரர்களுக்குக் கை பரபரக்கும். ஆனால் மாடல், மேக்கப், உடை, லைட் என்று ஒரு குழுவே வந்து இறங்கினால், அந்த அழகே முதல் சிக்கலாகிவிடும். அங்கே என்னென்ன தடை வரும்? எதைச் சமாளிக்கலாம், எதை விட்டுக்கொடுக்க வேண்டும்?

முகம் ஏன் கறுத்துப்போகிறது?

எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கேமராவின் ஒளிமானி கணக்குப் போடும். ஃபிரேம் முழுக்க உப்பு என்றால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவு செய்து ஒளியைக் குறைத்துவிடும். உப்பு அழுக்குச் சாம்பலாகும், முகம் இருண்டுபோகும். மாநிற, கறுப்பு நிற மாடல்களுக்கு இந்த இழப்பு இன்னும் அதிகம். எக்ஸ்போஷரை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டுவது, அல்லது முகத்தருகே ‘கிரே கார்டு’ வைத்து அளப்பதுதான் இதற்குத் தீர்வு.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. கோடாக் நிறுவனத்தின் வண்ணப் பிரிண்டுகளைச் சரிபார்க்கப் பயன்பட்ட ‘ஷெர்லி கார்டு’களில் பல பத்தாண்டுகள் வெள்ளைப் பெண்களின் முகமே அளவுகோலாக இருந்தது. நம்மூரிலும் நிறப் பிரச்சினை கேமராவோடு முடியவில்லை. 2017 டிசம்பரில் சென்னைப் புகைப்படக் கலைஞர் நரேஷ் நீல், பரத்வாஜ் சுந்தருடன் சேர்ந்து, கறுப்பு நிற மாடல்களைத் தெய்வங்களாகக் காட்டும் ‘டார்க் இஸ் டிவைன்’ படத்தொடரை எடுத்தார். மாடல் உலகில் நிறத்தைச் சொல்லி வாய்ப்பு மறுக்கப்படுவது பற்றிய பேச்சு அதன்பின் பரவலானது. ‘லைட் சரியில்லை’ என்று மாடலைக் குறை சொல்வதற்குமுன், மீட்டரைச் சரிபார்ப்பது நல்லது.

காற்றும் வெயிலும்

வெயில் ஏற ஏறக் கடல் காற்று வலுக்கும். ரிஃப்ளெக்டர் பட்டம் மாதிரிப் பறக்கும். குடை லைட் குப்புற விழும். ஸ்டாண்டுக்கு மணல் மூட்டை கட்டாயம். உப்புப் படிந்த கேமராவையும் ஸ்டாண்டையும் அன்றே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்காவிட்டால் துரு பிடிக்கும். திறந்த வெளியில் லென்ஸ் மாற்றவே கூடாது.

வெயில் மேலிருந்து மட்டும் வராது, உப்பில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். கண் கூசும், மேக்கப் வழியும். உப்பளத் தொழிலாளர்கள் விடியும் முன்பே வேலையைத் தொடங்குவது இதனால்தான். ஷூட்டும் அப்படித்தான் திட்டமிடப்பட வேண்டும்: விடிந்ததும் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று, நடுவில் நிழல், தண்ணீர், ஓய்வு.

பாத்தி செட் அல்ல

மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய களிமண் தரைதான் உப்புப் பாத்தி. ஹீல்ஸுடன் இறங்கினால் தரை குழியும், உப்பில் சேறு கலக்கும். நஷ்டம் ஷூட் எடுத்தவருக்கு அல்ல, உப்பு வாருகிறவருக்கு. எனவே குத்தகைதாரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, வரப்பிலேயே நின்று எடுப்பதுதான் முறை. பக்கத்திலுள்ள கழுவெளி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே படமெடுக்க வனத்துறையைக் கேட்க வேண்டும்.

மழை வந்தால் பெருமுக்கல்

வடகிழக்குப் பருவமழையில் உப்பு உற்பத்தி நின்றுவிடும். வெள்ளைப் பாத்திகள் வெறும் தண்ணீராகும். அப்போது மாற்று இடம் தேவை. மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் வழியில் இருக்கிறது பெருமுக்கல் குன்று. அதன் சாம்பல் நிறப் பாறை, ஒளிமானி எதிர்பார்க்கும் நிறத்துக்கு நெருக்கமானது. உப்பில் தடுமாறிய கேமரா இங்கே தடுமாறாது. ஆனால் மழை ஈரத்தில் பாறை வழுக்கும். விட்ட பிறகே ஏற வேண்டும். மேலே பழமையான சிவன் கோயிலும், குகையில் தொல்பழங்காலப் பாறைக் கீறல்களும் உள்ளன. அவற்றின்மேல் சாய்வதும் சாக்பீஸால் கோடு போடுவதும் கூடவே கூடாது.

சொதப்பலில் பிறந்த படம்

வானிலை கைவிட்ட ஷூட்டுகள் எல்லாமே வீண் அல்ல. 1933-இல் ஹங்கேரியப் புகைப்படக் கலைஞர் மார்ட்டின் முங்காச்சி, ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழின் நீச்சலுடைப் படத்துக்காக அமெரிக்காவின் லாங் ஐலண்ட் கடற்கரைக்குப் போனார். குளிர், மூட்டமான வானம். ஆங்கிலமும் அவருக்குச் சரியாக வராது. சைகையாலேயே மாடல் லூசில் புரோகாவை ஓடச் சொன்னார். கேப் பறக்க அவர் ஓடிவரும் அந்தப் படம், ஸ்டூடியோவுக்குள் அசையாமல் நின்ற ஃபேஷன் புகைப்படத்தை வெளியே கொண்டுவந்த படமாகப் பேசப்படுகிறது.

அதற்காக ‘என்ன ஆனாலும் எடுத்தே தீரணும்’ என்று நிற்க வேண்டியதில்லை. காற்று மாறினால் போஸை மாற்றலாம், மழை வந்தால் இடத்தை மாற்றலாம். மாடலுக்குத் தலை சுற்றினாலோ, காலில் காயம் பட்டு உப்புத் தண்ணீர் எரிந்தாலோ, இடி இடித்தாலோ உடனே ‘பேக் அப்’தான். அப்படி நின்றுபோன நாளுக்குச் சம்பளம் உண்டா, மறு ஷூட் எப்போது என்பதை முதல் நாளே எழுத்தில் பேசி வைத்துக்கொண்டால், அந்தக் குழு இன்னொரு நாள் திரும்பி வரும்.